எழுதப்பட்டும் வந்து சேராத வரி

ஜாவா செயலி ஒன்று ஓடும்போது தான் செய்கிற வேலையைத் தானே வரிவரியாகக் குறித்துவைக்கிறது. எந்தக் கோரிக்கை எப்போது வந்தது, தரவுத்தளம் பதில் தந்ததா, பிழை எந்த இடத்தில் எழுந்தது என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். இதற்கு லாக் என்று பெயர். கப்பலின் பயணக் குறிப்பேட்டிலிருந்து கணினித் துறைக்கு வந்த சொல். தமிழில் பதிவு எனலாம். செயலி ஒரே கணினியில் ஓடினால் பதிவும் ஒரே கோப்பில் கிடக்கும், திறந்து படித்துவிடலாம். வேலை நூறு கணினிகளுக்குப் பங்கிட்டுத் தரப்படும்போது நூறு ஜேவிஎம்கள், அதாவது ஜாவா மெய்நிகர் பொறிகள், தனித்தனியே எழுதுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அமைவுக் கோப்பைத் தேடிப் படிக்கிறது. தேடிய இடத்தில் கோப்பு இல்லாமல் போகலாம். வேறொரு கோப்பு முந்திக்கொள்ளலாம். எழுதிய வரி வழியிலேயே தொலையலாம்.

பதிவில் ஒரு வரி இல்லை என்றால் அதற்கு மூன்று பொருள் உண்டு. அந்த நிகழ்வு நடக்கவே இல்லை; நடந்தது, ஆனால் எழுதப்படவில்லை; எழுதப்பட்டது, ஆனால் படிப்பவரிடம் வந்து சேரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மௌனம்தான். அவற்றைப் பிரித்தறியாமல் அமைவில் கைவைப்பவர் பல நேரம், எந்த ஜேவிஎம்மும் படிக்காத கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பார். ஆகவே பழுது தேடும் உறுதியான முறை, வரி பிறக்கும் இடத்திலிருந்து படிக்கப்படும் இடம் வரையுள்ள வழியை அறிந்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இங்கே வந்ததா’ என்று கேட்டுக்கொண்டே போவதுதான்.

வரி செல்லும் வழி

நிரலில் எழுதப்பட்ட பதிவுக் கட்டளை முதலில் லாக்கர் என்னும் பொருளிடம் போகிறது. லாக்கருக்குப் பெயர் உண்டு. பெரும்பாலும் அது எழுதப்பட்ட வகுப்பின் முழுப் பெயரே. புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அந்தப் பெயர் ஒரு வம்சாவளியைக் காட்டுகிறது. எல்லா லாக்கர்களுக்கும் மூதாதை ரூட் லாக்கர்.

அடுத்தது நிலை. ட்ரேஸ், டீபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்று முக்கியத்துவம் ஏறிக்கொண்டே போகும் வரிசை இது. லாக்கருக்கு இன்ஃபோ என்று வரம்பு குறித்தால் அதற்குக் கீழுள்ள டீபக்கும் ட்ரேஸும் அங்கேயே நின்றுவிடும். தனக்கென்று நிலை குறிக்கப்படாத லாக்கர் தன் பெற்றோரின் நிலையை எடுத்துக்கொள்ளும்; பெற்றோருக்கும் இல்லையென்றால் பாட்டன், பிறகு ரூட்.

வரம்பைத் தாண்டிய வரி அப்பெண்டரை அடைகிறது. திரைக்கு எழுதுவதா, கோப்பிலா, வலையமைப்பின் வழியே வேறு கணினிக்கா என்பதை முடிவு செய்வது இது. நேரம், த்ரெட் என்னும் செயல் இழையின் பெயர், வகுப்பின் பெயர் முதலியவற்றை எந்த வடிவில் அச்சிடுவது என்பது லேஅவுட்டின் பொறுப்பு. பல கணினிகளில் ஓடும் அமைப்பில் வழி இதோடு முடிவதில்லை. ஒவ்வொரு கணினியிலும் ஒரு திரட்டி நிரல் அந்த வரிகளை அள்ளி மையச் சேமிப்பகத்துக்கு அனுப்ப, பொறியாளர் தேடல் திரையில் படிக்கிறார். இத்தனை கட்டங்களில் எது பிசகினாலும் விளைவு ஒன்றே: வரி இல்லை.

எந்த நூலகம்?

ஜாவாவில் பதிவு எழுதும் நிரல் நூலகங்கள் பல. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மொழி தோன்றிய முதல் ஆண்டுகளில் அதற்கென்று சொந்தப் பதிவு வசதி இருக்கவில்லை. ஜெகி குல்ஜு தொடங்கிவைத்த லாக்ஃபோர்ஜே அந்த இடத்தை நிரப்பிப் பரவியது. 2002-இல் ஜாவா 1.4 பதிப்போடு மொழிக்குள்ளேயே ஒரு பதிவு நூலகம் வந்தது. ஆனால் அதற்குள் பலர் லாக்ஃபோர்ஜேயில் ஊன்றிவிட்டார்கள். இரண்டுக்கும் பொதுவான முகப்பாக காமன்ஸ் லாகிங் வந்தது. அதன் குறைகளைக் களைய குல்ஜு எஸ்எல்எஃப்ஃபோர்ஜே என்ற முகப்பையும் லாக்பேக் என்ற நூலகத்தையும் உருவாக்கினார். அப்பாச்சி அறக்கட்டளை 2014 ஜூலையில் லாக்ஃபோர்ஜே 2.0-ஐ வெளியிட்டு, 2015 ஆகஸ்டில் முதல் தலைமுறையின் பராமரிப்பை நிறுத்தியது.

இந்த அடுக்குகள் எல்லாம் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒரு செயலி நூறு வெளி நூலகங்களைச் சேர்த்துக்கொண்டால் அவற்றில் சில காமன்ஸ் லாகிங்கிடமும், சில லாக்ஃபோர்ஜே 1-இடமும், சில எஸ்எல்எஃப்ஃபோர்ஜேயிடமும் பேசும். முகப்பு என்பது வாசல் மட்டும். உள்ளே எழுதுபவர் வேறு. எஸ்எல்எஃப்ஃபோர்ஜே வாசலுக்குப் பின்னால் எழுதும் நூலகம் எதுவும் இல்லையென்றால், தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கையை மட்டும் அச்சிட்டுவிட்டு, பிறகு வரும் வரிகளை எல்லாம் அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இரண்டு நூலகங்கள் இருந்தால் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். தேர்வு, நூலகங்களின் பொதிகளான ஜார் கோப்புகளை ஜேவிஎம் அடுக்கும் வரிசையைப் பொறுத்தது என்பதால் அதை நம்பி இருக்க முடியாது. ஒரே செயலி சோதனைக் கணினியில் ஒரு விதமாகவும் பயன்பாட்டுக் கணினியில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

2022-இல் வந்த எஸ்எல்எஃப்ஃபோர்ஜே 2.0, எழுதும் நூலகத்தைக் கண்டுபிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டது. அதனுடன் பழைய லாக்பேக் 1.2-ஐ வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் போகும். பதிவு முழுவதும் நின்றுவிடும். லாக்பேக் 1.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. இன்னொரு சிக்கல் பாலங்கள். லாக்ஃபோர்ஜே அழைப்புகளை எஸ்எல்எஃப்ஃபோர்ஜேக்குத் திருப்பும் பாலமும், எஸ்எல்எஃப்ஃபோர்ஜே அழைப்புகளை லாக்ஃபோர்ஜேக்கு அனுப்பும் பாலமும் ஒரே செயலியில் இருந்தால் வரி இரண்டுக்கும் இடையே முடிவின்றிச் சுற்றி, அழைப்பு அடுக்கு நிரம்பிச் செயலி விழும்.

இவற்றைக் கண்டறிய, செயலியைக் கட்டமைக்கும் மேவன் கருவியின் சார்பு மரக் கட்டளை உதவும். எந்த ஜார் எதன் வழியாக உள்ளே வந்தது என்று அது காட்டும். ஆனால் அது காட்டுவது கட்டமைக்கும்போது உள்ள நிலை. ஓடும்போது உண்மையில் ஏற்றப்பட்டது எது என்று அறிய, வகுப்புகள் ஏற்றப்படுவதை அச்சிடும்படி ஜேவிஎம்மைக் கேட்க வேண்டும். பெரிய அமைப்புகள் தங்கள் சொந்த ஜார்களை முன்னால் வைத்துக்கொள்வதால் இரண்டும் வேறுபடக்கூடும்.

எந்தக் கோப்பு?

நூலகம் உறுதியானபின் அது படித்த அமைவுக் கோப்பைத் தேட வேண்டும். லாக்ஃபோர்ஜே 2 முதலில் தொடக்க அளவுருவில் கோப்பின் இடம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சோதனைக்கான கோப்புப் பெயர்களை வகுப்புப் பாதையில், அதாவது ஜேவிஎம் வகுப்புகளைத் தேடும் இடங்களில், தேடும். அதன்பிறகே வழக்கமான பெயர்கள். ஒவ்வொரு பெயரிலும் ப்ராபர்ட்டிஸ், யாமல், ஜேசன், எக்ஸ்எம்எல் என்ற வரிசை. ஆகவே யாரோ மறந்துவிட்ட ப்ராபர்ட்டிஸ் கோப்பு ஒன்று ஒரு ஜாருக்குள் கிடந்தால், கவனமாக எழுதிய எக்ஸ்எம்எல் கோப்பு ஒருபோதும் படிக்கப்படாது. லாக்பேக்கும் இதேபோலச் சோதனைக் கோப்பையே முதலில் தேடுகிறது. சோதனைக் கோப்பு தவறுதலாக ஜாருக்குள் புகுந்து பயன்பாட்டுக்குப் போவது அடிக்கடி நடக்கிறது.

கோப்பே கிடைக்காதபோது நூலகம் என்ன செய்கிறது என்பது நல்ல தடயம். லாக்பேக் எல்லாவற்றையும் டீபக் நிலையில் திரைக்குக் கொட்டும். லாக்ஃபோர்ஜே 2 எரர் வரிகளை மட்டும் திரைக்கு அனுப்பும். லாக்ஃபோர்ஜே 1 அப்பெண்டர் எதுவும் இல்லை என்று ஒருமுறை புலம்பிவிட்டு அடங்கிவிடும். திடீர் வெள்ளமோ திடீர் வறட்சியோ கண்டால், கோப்பில் பிழை என்று எண்ணுவதற்கு முன் கோப்பு படிக்கப்பட்டதா என்று ஐயுற வேண்டும்.

ஐயத்தைத் தீர்க்க நூலகங்களே வழி வைத்திருக்கின்றன. ‘லாக்ஃபோர்ஜே2.டீபக்’ என்ற சிஸ்டம் ப்ராபர்ட்டியைத் தொடக்கக் கட்டளையில் தந்தால், எந்தக் கோப்பைத் தேடியது, எதைக் கண்டது, எந்த அப்பெண்டரை உருவாக்கியது என்று நூலகம் தன் கதையைத் தானே சொல்லும். முதல் தலைமுறைக்கு ‘லாக்ஃபோர்ஜே.டீபக்’. லாக்பேக்கில் அமைவுக் கோப்பின் முதல் உறுப்பிலேயே டீபக்கை இயக்கலாம். கோப்பே படிக்கப்படாத சந்தேகம் இருந்தால், நூலகத்தின் சொந்தச் செய்திகளை அச்சிடும் ஸ்டேட்டஸ் லிஸனரைத் தொடக்க அளவுருவாகத் தரலாம். ஓடிக்கொண்டிருக்கும் ஜேவிஎம்மிடம் ஜேசிஎம்டி கருவி வழியாக அதன் தொடக்கக் கட்டளையையும் சிஸ்டம் ப்ராபர்ட்டிகளையும் கேட்டு வாங்க முடியும். தொடக்கக் குறுநிரலில் எழுதியிருப்பது வேறு, ஜேவிஎம் பெற்றது வேறாக இருப்பது அரிதல்ல.

எந்தக் கணினி?

நூலகமும் கோப்பும் சரியாக இருந்தும், திருத்திய கோப்பு வேறு கணினியில் இருக்கலாம். பெருந்தரவைப் பல கணினிகளில் பங்கிட்டுச் செயலாக்கும் அப்பாச்சி ஸ்பார்க் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஸ்பார்க்கில் வேலையைத் திட்டமிடும் டிரைவர் ஒரு ஜேவிஎம். வேலையைச் செய்யும் எக்ஸிக்யூட்டர்கள் வெவ்வேறு கணினிகளில் ஓடும் வேறு ஜேவிஎம்கள். டிரைவர் ஓடும் கணினியில் அமைவுக் கோப்பைத் திருத்தினால் டிரைவரின் பதிவு மாறும். எக்ஸிக்யூட்டர்களுக்கு அந்தக் கோப்பு இருப்பதே தெரியாது. தரவின் ஒவ்வொரு வரிமீதும் இயங்கும் செயற்கூறுக்குள் எழுதிய பதிவுக் கட்டளை, டிரைவரின் திரையில் தோன்றாமல் போவதும் இதனால்தான். நிரலில் அது டிரைவரின் கட்டளைகளுக்கு நடுவே இருந்தாலும் ஓடுவது தொலைவிலுள்ள எக்ஸிக்யூட்டரில். வரியும் அங்கேயே கிடக்கும்.

ஸ்பார்க் வேலையை ஹடூப்பின் வள மேலாளரான யார்னிடம் தரும்போது அமைவுக் கோப்பையும் உடன் அனுப்பும் வழி உண்டு. வேலை சமர்ப்பிக்கும் கட்டளையின் கோப்புப் பட்டியலில் அதைச் சேர்த்தால் ஒவ்வொரு எக்ஸிக்யூட்டரின் பணி அடைவுக்கும் பிரதி போய்ச் சேரும். மாறாக, கோப்பின் இடத்தை மட்டும் கூடுதல் ஜாவா அளவுருவாகத் தந்தால், அந்தக் கோப்பு எல்லாக் கணினிகளிலும் அதே இடத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். டிரைவருக்கு ஓர் அளவுரு, எக்ஸிக்யூட்டர்களுக்கு வேறோர் அளவுரு. ஒன்றைத் தந்து மற்றதை மறப்பது இந்தத் துறையில் எங்கும் காணும் பிழை.

பதிப்பு மாற்றமும் இங்கே குறுக்கிடும். 2022 ஜூனில் வந்த ஸ்பார்க் 3.3, லாக்ஃபோர்ஜே 1-ஐ விட்டு லாக்ஃபோர்ஜே 2-க்கு மாறியது. கோப்பின் பெயரும் இலக்கணமும் மாறின. பழைய கோப்பைப் புதிய வடிவில் திரும்ப எழுத வேண்டும்.

எழுதிய வரி எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. யார்னில் பதிவுத் திரட்டு என்ற வசதி இயக்கத்தில் இருந்தால், வேலை முடிந்தபின் ஒவ்வொரு கணினியின் பதிவும் ஹெச்டிஎஃப்எஸ் கோப்பு அமைப்புக்கு நகர்த்தப்பட்டு, கணினியிலிருந்து நீக்கப்படும். வேலையின் அடையாள எண்ணைக் கொடுத்து ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் பெறலாம். ஹடூப் தரும் இயல்பு அமைப்பில் இந்த வசதி அணைந்தே இருக்கிறது. அப்போது வரிகள் அந்தந்தக் கணினியிலேயே தங்கும். திரட்டு இருக்கும் இடத்தில் கணினியில் தேடுவதும், இல்லாத இடத்தில் ஹெச்டிஎஃப்எஸ்ஸில் தேடுவதும் வீண் அலைச்சல்.

நிலையும் அப்பெண்டரும்

சரியான கோப்பு, சரியான ஜேவிஎம்மில் படிக்கப்பட்டும் வரி வராவிட்டால் நிலைகளைச் சரிபார்க்க வேண்டும். வரம்பு லாக்கரில் மட்டும் இல்லை, அப்பெண்டரிலும் இருக்கலாம். ஜாவாவின் சொந்தப் பதிவு நூலகத்தில் லாக்கரை ஃபைன் என்ற நுண்ணிய நிலைக்கு இறக்கினாலும் திரைக்கு எழுதும் ஹேண்ட்லர் (அப்பெண்டருக்கு அங்கே அதுதான் பெயர்) இன்ஃபோவிலேயே நிற்பதால் ஒன்றும் தோன்றாது. இரண்டு கதவுகளையும் திறக்க வேண்டும்.

ஒரே வரி இரண்டு முறை வருவது எதிர்த் திசைப் பழுது. லாக்கர் தன் அப்பெண்டருக்கு எழுதிய வரியைத் தன் மூதாதையரின் அப்பெண்டர்களுக்கும் அனுப்புவது இயல்பு. இதற்கு அடிட்டிவிட்டி என்று பெயர். குழந்தை லாக்கரிலும் ரூட்டிலும் ஒரே அப்பெண்டரை இணைத்தால் வரி இரட்டிக்கும். குழந்தை லாக்கரில் அடிட்டிவிட்டியை அணைத்துவிட்டால் தீரும்.

வழியில் உதிரும் வரிகள்

அப்பெண்டர் வரை வந்த வரியும் தொலையக்கூடும். செயலியின் வேகம் குறையாமலிருக்க, வரிகளை வரிசையில் போட்டுவிட்டுத் தனி த்ரெட் ஒன்றால் எழுதவைப்பது வழக்கம். லாக்பேக்கின் இத்தகைய அப்பெண்டரில் வரிசையின் இயல்பு அளவு 256. அதில் 20 விழுக்காடு இடம் மட்டும் எஞ்சும்போது ட்ரேஸ், டீபக், இன்ஃபோ வரிகளை அது கைவிட்டு, வார்னையும் எரரையும் மட்டும் வைத்துக்கொள்ளும். அமைப்பு திணறும் நேரத்தில்தான் வரிசை நிறையும். விசாரணைக்கு மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே. இந்த வரம்பைப் பூஜ்யமாக்கினால் எதுவும் கைவிடப்படாது. அதற்கு ஈடாக, வரிசை நிறையும்போது செயலி காத்திருக்க நேரும். எது இழக்கத்தக்கது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும்.

ஜேவிஎம் திடீரெனக் கொல்லப்பட்டால் வரிசையில் காத்திருந்த வரிகளும் அதனுடன் போகும். கன்டெய்னர்களை, அதாவது செயலிகள் தனித்து ஓடும் உறைகளை, நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ், பாட் எனப்படும் கன்டெய்னர் தொகுதியை நிறுத்தும்போது இயல்பாக 30 விநாடி அவகாசம் தரும். அதற்குள் பதிவு நூலகத்தை முறையாக மூடினால் வரிகள் தப்பும். நினைவக வரம்பைத் தாண்டியதற்காகக் கொல்லப்படும் கன்டெய்னருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே இறப்பதற்கு முந்தைய கடைசி வரியைப் பிழையின் காரணம் என்று எடுத்துக்கொள்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

கன்டெய்னர்களில் பதிவைத் திரைக்கு எழுதுவதே வழக்கம். உள்ளே கோப்பில் எழுதினால் கன்டெய்னர் போகும்போது கோப்பும் போகும். திரைக்கு எழுதியதைக் குபர்நெட்டிஸ் இயல்பாக 10 மெபிபைட் அளவுக் கோப்புகளாக, கன்டெய்னருக்கு 5 வரை, சுழற்சியில் வைத்திருக்கும். அதன் பதிவு காட்டும் கட்டளை கடைசிக் கோப்பை மட்டுமே காட்டும். காலையில் கண்ட வரி மாலையில் காணாமல் போவது இதனால்தான். மறுதொடக்கமான கன்டெய்னரின் முந்தைய பதிவைப் பார்க்க அதற்குரிய தனித் தெரிவைத் தர வேண்டும்.

இரண்டு ஜேவிஎம்கள் ஒரே கோப்பில் எழுதுவது இன்னொரு இழப்பு வாசல். ஒன்று கோப்பைச் சுழற்றிப் பெயர் மாற்றும்போது மற்றது பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஒரே கணினியில் இரண்டு எக்ஸிக்யூட்டர்கள் அமர்ந்தால் இது நேரலாம். கோப்பின் பெயரில் கன்டெய்னரின் அடைவையோ அடையாள எண்ணையோ சேர்ப்பது எளிய காப்பு.

சேர்த்துப் படித்தல்

எல்லா வரிகளும் மையத்துக்கு வந்தபின்னும் அவற்றை ஒரே கதையாகப் படிக்க வேண்டும். ஒரு கணினி இந்திய நேரத்திலும் இன்னொன்று உலகப் பொது நேரத்திலும் எழுதினால் 5 மணி 30 நிமிட இடைவெளி விழும். எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில், மில்லி விநாடியோடு எழுதச் செய்வது அடிப்படை ஒழுங்கு. கடிகாரங்களை என்டிபி நெறிமுறை ஒத்திசைத்தாலும் சிறு வேறுபாடு எஞ்சும். தனித்தனிக் கணினிகளின் கடிகாரத்தைக் கொண்டு எது முன், எது பின் என்று தீர்மானிக்க முடியாது என்பதையும், செய்திப் பரிமாற்றமே உண்மையான முன்பின் உறவைத் தருகிறது என்பதையும் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-இலேயே தெளிவாக்கினார்.

அந்த உறவைப் பதிவில் கொண்டுவருவது தொடர் அடையாளம். ஒரு கோரிக்கை அமைப்புக்குள் நுழையும்போது அதற்கு ஓர் எண் தரப்பட்டு, அது தொடும் ஒவ்வொரு சேவைக்கும் உடன் அனுப்பப்படுகிறது. 2020-இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான வடிவத்தில் இந்த எண் 32 பதினறும இலக்கங்கள் கொண்டது. ஜாவாவில் இது எம்டிசி என்ற பையில் வைக்கப்பட்டு, லேஅவுட் வழியாக வரியில் அச்சாகிறது. எம்டிசி ஒவ்வொரு த்ரெட்டுக்கும் சொந்தமானது. வேலை த்ரெட் குழுமத்துக்குக் கைமாறும்போது பை கூடவே போவதில்லை. பாதி வழியில் அடையாளம் வெறுமையானால், த்ரெட் மாறிய இடத்தைத் தேட வேண்டும். வேலை முடிந்தபின் பையைக் காலி செய்யாவிட்டால் அடுத்த கோரிக்கை முந்தையதின் அடையாளத்தோடு எழுதும். வெறுமையைவிட இது ஆபத்தானது.

ஜாவாவின் பிழைத் தடம் பல வரிகளில் நீள்வது. திரட்டி நிரல் ஒவ்வொரு வரியையும் தனிப் பதிவாக எடுத்தால் அது துண்டுதுண்டாகிவிடும். ஜேசன் லேஅவுட்டில் முழுத் தடமும் ஒரே பதிவுக்குள் அடங்கும்.

எழுத்துக் குறிமுறையும் இதில் சேரும். மொழி அமைவு இல்லாத கன்டெய்னரில் ஓடும் பழைய ஜாவா, வெறும் ஆஸ்கி எழுத்துகளையே எழுதும். ‘தமிழ்’ என்ற சொல் அங்கே ஐந்து கேள்விக்குறிகளாகிவிடும். இழந்த எழுத்தை மீட்க வழியில்லை. ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 இயல்பாகியிருக்கிறது. திரைக்கு எழுதும் வழி மட்டும் இன்னும் சூழலின் அமைவையே பின்பற்றும். லேஅவுட்டில் குறிமுறையை வெளிப்படையாகக் குறித்துவிட்டால் கவலை இல்லை.

பாதுகாப்பு

பழுது தேடுவதற்காக வரம்பை டீபக் நிலைக்கு இறக்கும்போது கடவுச்சொற்களும் பயனர் விவரங்களும் பதிவில் வந்துவிழக்கூடும். எனவே தேவையான லாக்கருக்கு மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் அதை இறக்க வேண்டும். ஸ்பிரிங் பூட்டின் ஆக்சுவேட்டர் ஓடும் செயலியிலேயே நிலையை மாற்றித் தரும், மறுதொடக்கம் தேவையில்லை. ஆனால் அந்த மாற்றம் கேட்கப்பட்ட ஒரு ஜேவிஎம்முக்கே உரியது. பத்துப் பிரதிகள் ஓடினால் மற்ற ஒன்பதும் பழையபடியே இருக்கும்.

எந்த ஜேவிஎம்மில் எந்த நூலகம் ஏற்றப்பட்டிருக்கிறது என்ற கேள்வி உலகத்தையே உலுக்கியது 2021 டிசம்பரில். லாக்ஃபோர்ஜே 2, பதிவு வரிக்குள் வரும் சிறப்புக் குறியீட்டை வெளிக் கணினியிடம் கேட்டு நிரப்பும் வசதியைக் கொண்டிருந்தது. அதன் வழியாக அந்நிய நிரலை ஏற்றி ஓட்ட முடியும் என்று தெரியவந்தது. லாக்4ஷெல் எனப்பட்ட அந்தக் குறைக்குத் தீவிர அளவீட்டில் உச்ச எண்ணான 10 தரப்பட்டது. திருத்திய பதிப்புகள் விரைவில் வந்தன. ஆனால் பழைய நூலகம் எந்தச் செயலியின் எந்த ஜாருக்குள் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கே பல அமைப்புகளுக்கு வாரக்கணக்கில் ஆனது.

சோதனை வரி

இத்தனை கேள்விகளுக்கும் விடையை முன்கூட்டியே பதிவில் வைத்துவிடலாம். ஒவ்வொரு ஜேவிஎம்மும் தொடங்கியவுடன், கணினியின் பெயர், ஏற்றப்பட்ட பதிவு நூலகத்தின் பதிப்பு, படித்த அமைவுக் கோப்பின் முழு இடம், ரூட் லாக்கரின் நிலை, நேர மண்டலம், குறிமுறை ஆகியவற்றை ஒரு வார்ன் வரியாக எழுதச் செய்தால் போதும். அந்த வரி மையத் தேடல் திரையில் தெரிந்தால், தொடக்கத்தில் வழி முழுவதும் திறந்திருந்தது என்று பொருள். நூறு ஜேவிஎம்களில் தொண்ணூற்றேழு வரிகளே வந்திருந்தால், தேட வேண்டிய இடம் மூன்றாகக் குறைந்துவிட்டது. அந்த மூன்றிலும் வரி கடைசியாகக் காணப்பட்ட கட்டம் வரை பின்னோக்கி நடந்தால், பழுது அதற்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் இருக்கும்.